நல்ல யோசனை இருக்கிறது, அப்புறம்?

கடலூரில் ஆர். சின்னி கிருஷ்ணன் என்று ஒருவர் இருந்தார். டால்கம் பவுடர் தகர டப்பாவில் மட்டுமே கிடைத்த காலத்தில் அதை 100 கிராம், 50 கிராம், 20 கிராம் பாக்கெட்டுகளாகப் போட்டு விற்றவர். 100 கிராம் பாக்கெட்டில் வந்துகொண்டிருந்த எப்சம் உப்பை, அதாவது நம் வீடுகளில் பேதி உப்பு என்று சொல்வதை, 5 கிராம் சாஷேயில் அடைத்தார். தான் தயாரிக்கும் எதையும் கூலி வேலைக்குப் போகிறவரும் ரிக்‌ஷா ஓட்டுகிறவரும் வாங்க முடிய வேண்டும் என்பது அவர் பிடிவாதம். எதிர்காலம் சாஷேக்குத்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அவர் சொன்னது அப்படியே நடந்தது. இன்றைக்கு எந்தப் பெட்டிக்கடை வாசலிலும் ஷாம்பு, காபித்தூள், ஊறுகாய், பாக்கு என்று சாஷேக்கள் தோரணமாகத் தொங்குகின்றன. ஆனால் அந்த யோசனையால் அவர் பெரிதாகச் சம்பாதிக்கவில்லை. அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் பின்னாளில் பேட்டிகளில் இதை மறைக்காமல் சொல்லியிருக்கிறார்: அப்பா புதியன கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர், விற்பதில் அப்படி இல்லை, ஒன்றைக் கண்டுபிடித்ததும் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்.

தொழிலில் நல்ல யோசனை ஏன் காரியமாகாமல் நின்றுவிடுகிறது என்று கேட்டால் சோம்பல், பயம், பணமில்லை என்று பதில் வரும். சின்னி கிருஷ்ணனுக்குச் சோம்பல் இல்லை. பயம் இருந்ததாகவும் தெரியவில்லை. என் கணக்கில் விஷயம் வேறு. ஒரு யோசனை ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும். சொன்ன கையோடு இன்னொரு கேள்வியைக் கிளப்பிவிடும். ஏழை எப்படி வாங்குவான் என்பதற்குச் சாஷே பதில். சரி, அந்தச் சாஷேயை எந்தக் கடையில் வைப்பது, அங்கே யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது, வாங்கத் தெரியாதவனுக்கு யார் காட்டிக்கொடுப்பது? இந்த இரண்டாவது வரிசைக் கேள்விகளில் சுவாரசியம் கம்மி. யோசனைக்காரர்களுக்கு இங்கேதான் சலிப்புத் தட்டும். தொழில் தொடங்குவதும் இங்கேதான்.

மகன் கதையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். தகப்பனார் இறந்தபோது ரங்கநாதன் கல்லூரிக்குள் நுழைந்துகொண்டிருந்த பையன். அண்ணன்மார் தொழிலை எடுத்து நடத்தி 1979-80 வாக்கில் வெல்வெட் ஷாம்பு சாஷேயைக் கொண்டுவந்தார்கள். அது நன்றாகப் போனது. தம்பியும் அதில் சேர்ந்தார், கருத்து ஒத்துவரவில்லை, சில மாதங்களிலேயே விலகினார். சொத்தில் பங்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்ததால் கையில் இருந்தது சம்பளத்தில் சேர்த்த 15,000 ரூபாய். அது 1983.

அந்த 15,000 எப்படிக் கரைந்தது என்பதை அவரே சொல்லியிருக்கிறார். வீடும் அலுவலகமுமாக ஓர் இடம், மாத வாடகை 250, அட்வான்ஸ் 1,000. தொழிற்கூடத்துக்கு ஓர் இடம், வாடகை 300, அட்வான்ஸ் 1,200. ஷாம்புவைப் பாக்கெட்டில் அடைக்கும் இயந்திரம் 3,000. கூட்டிப் பாருங்கள், முதல் மாத வாடகையோடு 5,750 ரூபாய் போய்விட்டது. மிச்சம் 9,250. மூலப்பொருள், பாக்கிங், போக்குவரத்து, சாப்பாடு எல்லாம் இதற்குள். இந்தக் கணக்கை நான் இங்கே எடுத்துப் போடுவதற்குக் காரணம் உண்டு. யோசனையைச் செயலாக்குவது என்று பேசும்போது நம் ஆட்கள் முதலில் கேட்பது முதலீடு எங்கே என்று. ஆனால் அந்த மூன்றாயிரத்துக்கு வாங்கிய இயந்திரத்தில், முதல் மாதத்திலேயே 20,000 சாஷே விற்று, இரண்டாவது மாதம் லாபம் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஏன் ஷாம்பு? அவருக்குச் செய்யத் தெரிந்த சரக்கு அதுதான். புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. தகப்பனாரின் பெயரில் இருந்த எழுத்துகளை வைத்து ‘சிக்’ என்று பெயர் வைத்தார், அவ்வளவுதான்.

கடன் கிடைக்க மூன்று வருடம் ஆனது. அடமானம் வைக்க எதுவும் இல்லை. கடைசியில் ஒரு வங்கி 25,000 ரூபாய் கொடுத்தது. அந்த மேலாளர் விண்ணப்பத்தில் எழுதிய குறிப்பைப் பற்றி ரங்கநாதன் சொல்லியிருக்கிறார்: இவரிடம் ஈடாகக் காட்ட ஒன்றுமில்லை, ஆனால் மற்றச் சிறுதொழில்களைப் போல் இல்லாமல் இந்த நிறுவனம் வருமான வரி கட்டுகிறது என்ற பொருளில் அது இருந்ததாம். தொழில் செய்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். சாஷேயின் அருமையைப் பார்த்து வங்கி பணம் தரவில்லை. வரி கட்டிய ரசீதைப் பார்த்துத் தந்தது.

இனி விற்பனை. அந்தக் காலத்துப் பெரிய நிறுவனங்கள் ஷாம்புவைப் பாட்டிலில், நகரத்து ஃபேன்ஸி ஸ்டோர்களில் விற்றன. கிராமத்துப் பெட்டிக்கடையை அவை ஒரு கடையாகவே எண்ணவில்லை. பெட்டிக்கடைக்கு அலமாரி கிடையாது. மேலே ஒரு கம்பியோ கயிறோதான் அதன் ஷோகேஸ். கடைக்காரர் பெட்டியாகச் சரக்கு எடுக்க மாட்டார், ஒரு சரம் எடுப்பார். அது விற்று முடிந்தால்தான் அடுத்த சரம். ஒரு சாஷே கசிந்தால் சரம் முழுக்கப் பிசுபிசுத்து, அடுத்த முறை ‘உன் சரக்கே வேண்டாம்’ என்பார். ஆக, சாஷே என்றால் சின்ன பாக்கெட் மட்டும் கிடையாது. அதோடு வேறு மாதிரிக் கடை, வேறு மாதிரி விநியோகம், வேறு மாதிரி வசூல் எல்லாம் சேர்ந்து வருகிறது. பெரிய நிறுவனங்களுக்குச் சாஷே போடத் தெரியாமல் இல்லை. அந்தக் கடைகளுக்குப் போகும் வழிதான் அவர்களிடம் இல்லை.

அடுத்தது வாடிக்கையாளர். சீயக்காயும் அரப்பும் போட்டுக் குளித்த தலைக்கு இந்த வழவழப்பான திரவத்தை எவ்வளவு ஊற்றுவது, எப்படித் தேய்ப்பது என்று தெரியாத ஊர்கள் ஏராளம். சிக் ஆட்கள் ஊருக்குள் போய், ஒரு சிறுவனை உட்காரவைத்துத் தலைக்கு ஊற்றிக் காட்டினார்கள். குளிப்பாட்டி முடித்ததும் கூட்டத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டு, முடியைத் தொட்டுப் பார், முகர்ந்து பார் என்றார்கள். அப்புறம் ரஜினிகாந்த் படங்களைக் கம்பெனி செலவில் போட்டு, நடுவில் விளம்பரம், செயல்விளக்கம், கடைசியில் வந்தவர்களுக்கெல்லாம் இலவச சாஷே. ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் அந்த வட்டாரத்தில் விற்பனை மூன்று நான்கு மடங்கு ஏறியதாக அவர் சொல்கிறார்.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது காலி சாஷே திட்டம். எந்தக் கம்பெனியின் காலி ஷாம்பு சாஷேயாக இருந்தாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம். மேலோட்டமாகப் பார்த்தால் வழக்கமான இலவசம்தான். ஆனால் யாருக்குப் போகிறது என்று பாருங்கள். காலி சாஷே வைத்திருப்பவர் ஏற்கெனவே ஷாம்பு போடுகிறவர், அதுவும் சாஷேயில் வாங்குகிறவர். போட்டியாளர் பணம் செலவழித்து உருவாக்கிவைத்த வாடிக்கையாளரை அவர் கையில் இருக்கும் குப்பையைக் கொண்டே அடையாளம் கண்டாயிற்று. ஷாம்பு தேவைப்படாதவருக்கு ஒரு பாக்கெட்டும் வீணாகவில்லை. ஜனங்கள் பழகியதும் விதியை மாற்றினார்கள்: இனிமேல் ஐந்தும் சிக் சாஷேயாக இருக்க வேண்டும். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சத்துக்குப் போனது. மல்லிகை, ரோஜா மணங்கள் வந்தபோது 30 லட்சம். நடிகை அமலா விளம்பரத்தில் வந்த பிறகு ஒரு கோடி. 1992இல் தென்னிந்தியாவில் முதலிடம், அண்ணன்மாரின் ஷாம்புவையும் தாண்டி. அதற்கு ஒன்பது வருடம் பிடித்தது. 1998 முதல் கெவின்கேர் என்று நாம் அறிவது இந்த நிறுவனத்தைத்தான்.

இந்த வெற்றிக்கு ஒரு மறுபக்கம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். சாஷே உறை பல அடுக்குப் படலத்தால் ஆனது; அடுக்குகளைப் பிரித்து மறுசுழற்சி செய்வது மிகக் கடினம். பழைய பாட்டிலுக்கு விலை உண்டு, காலி சாஷேயைப் பழைய பேப்பர்காரர்கூட வாங்க மாட்டார். ஐந்து காலி உறைக்கு ஒரு ஷாம்பு என்ற திட்டம் ஓடிய நாட்களில் மட்டும்தான் அந்த உறைக்கு மதிப்பு இருந்தது. சாஷே கிளப்பிய கேள்விகளில் இது ஒன்றுக்கு மட்டும் இன்னும் எந்தக் கம்பெனியும் சரியான பதில் சொல்லவில்லை.

விலை குறைவு என்ற யோசனையே போதும், ஏழை ஓடிவந்து வாங்கிவிடுவான் என்று நினைக்கிறவர்களுக்கு டாடா நானோவின் கதை நல்ல பாடம். மழையில் ஒரே ஸ்கூட்டரில் போன குடும்பத்தைப் பார்த்து ரத்தன் டாடாவுக்கு வந்த எண்ணம் அது என்பது ஊரறிந்த செய்தி. 2008 ஜனவரியில் டெல்லி கண்காட்சியில் ‘ஒரு லட்ச ரூபாய் கார்’ அறிமுகமானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. பொறியியல் ரீதியாகச் சாதாரண விஷயமே இல்லை. மேற்கு வங்கத்தின் சிங்கூரில் நிலப் பிரச்சினை, அங்கிருந்து குஜராத்தின் சானந்துக்கு ஆலையை மாற்றியது, அதனால் நேர்ந்த தாமதம், சில கார்கள் தீப்பிடித்த செய்தி என்று வரிசையாக அடி விழுந்தது உண்மை. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே ஒட்டிக்கொண்டது ‘இந்தியாவின் மிக மலிவான கார்’ என்ற பெயர். ஸ்கூட்டரிலிருந்து காருக்கு மாறுகிற குடும்பத்துக்கு அது பெருமைக்குரிய நாள். தெருவே பார்க்கக் கொண்டுவந்து நிறுத்துகிற வண்டிக்கு மலிவு என்று முத்திரை குத்தினால் யார் வாங்குவார்கள்? அப்படி விளம்பரப்படுத்தியது தவறு என்று ரத்தன் டாடாவே பிற்பாடு ஒப்புக்கொண்டார். 2018இல் தயாரிப்பு நின்றது.

சிக்கும் மலிவுதான். ஆனால் மல்லிகை மணமும் அமலாவின் முகமும் சேர்ந்த மலிவு. வாங்குகிற பெண் ஏழைக்கான ஷாம்புவை வாங்குவதாக நினைக்கவில்லை, சினிமா நடிகை போடுகிற ஷாம்புவை வாங்குவதாக நினைத்தார். இது சின்ன வித்தியாசமாகத் தெரியலாம். கோடிகள் கொட்டிய திட்டம் ஒன்று சறுக்கியதில் இந்தச் சின்ன வித்தியாசத்துக்கு நல்ல பங்கு இருந்தது என்று நினைக்கிறேன்.

இலவசமாகக் கொடுத்தாலே வர மாட்டார்கள் என்பதற்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை சாட்சி. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல், அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற பிறகு, 11 படுக்கைகளோடு ஆரம்பித்தது அது. கண்புரையால் பார்வை போனவர்களுக்கு அறுவை செய்தால் பார்வை திரும்பும். பணம் கட்ட முடிந்தவர் கட்டட்டும், முடியாதவருக்கு இலவசம். யோசனையில் ஒரு குறையும் இல்லை. ஊர் ஊராக முகாம் போட்டுப் பரிசோதித்தார்கள். அறுவை வேண்டும், மதுரைக்கு வாருங்கள், காசு வேண்டாம் என்றார்கள். பெரும்பாலானோர் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று வீடு தேடிப் போய்க் கேட்டபோது வந்த பதில்களில் மருத்துவம் கொஞ்சம்தான் இருந்தது. பஸ்ஸுக்குக் காசில்லை. அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்வது. கூட வர ஆளில்லை, வந்தால் அவருக்கும் கூலி போகும். கத்தி வைப்பார்களே என்ற பயம். ஓரளவு தெரிகிறது, இது போதும் என்ற சமாதானம். அதாவது, இலவச அறுவை என்பது அந்த மனிதருக்கு இலவசமாக இல்லை. உடனே மாற்றினார்கள்: முகாமிலிருந்தே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவது, தங்க இடம், சாப்பாடு, திரும்பக் கொண்டுவந்து விடுவது எல்லாம் மருத்துவமனை பொறுப்பு. ஒரே ஊர்க்காரர்கள் கூட்டமாகப் போய்க் கூட்டமாகத் திரும்பியதால் பயமும் குறைந்தது. அறுவை அறையில் எத்தனை புதுமை செய்திருந்தாலும் இந்த பஸ் இல்லாவிட்டால் மேசை காலியாகவே கிடந்திருக்கும்.

அறுவை அறையிலும் அதே முறைதான். ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசை. ஒன்றில் அறுவை நடக்கும்போது இன்னொன்றில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். முடிந்ததும் நுண்ணோக்கியைத் திருப்பிக்கொண்டு அவரிடம் போவார். தயார்படுத்தும் வேலைகளைச் செய்ய, பள்ளிப்படிப்பு முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்து இரண்டு வருடம் பயிற்சி கொடுத்தார்கள். மருத்துவர் செய்யத் தேவையில்லாத எதையும் மருத்துவர் செய்வதில்லை. அடுத்து லென்ஸ். கண்ணுக்குள் வைக்கும் செயற்கை லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தால் நூறு டாலர் அளவுக்கு விலை. இலவச நோயாளிக்கு அது கட்டுப்படியாகாது. 1992இல் ஆரோலேப் என்று சொந்தமாகத் தொழிற்சாலை தொடங்கி, அதைப் பத்து டாலர் அளவுக்கு இறக்கினார்கள். மருத்துவமனை தொடங்கி 16 வருடம் கழித்து இது. முதல் நாளே எல்லாவற்றையும் திட்டம் போட்டிருந்தால் அந்த 11 படுக்கைகூடத் திறந்திருக்காது.

பஸ் என்றதும் ஓர் ஆய்வு நினைவுக்கு வருகிறது. 1965இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் லெவந்தாலும் சகாக்களும் நடத்தியது. டெட்டனஸ் எவ்வளவு பயங்கரம் என்று மாணவர்களுக்குக் கையேடு கொடுத்தார்கள். படித்தவர்கள் ஊசி போட வேண்டியதுதான் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் போய்ப் போட்டுக்கொண்டவர்கள் சுமார் 3 சதவீதம். இன்னொரு குழுவுக்கு அதே விவரத்தோடு வளாகத்தின் வரைபடம் கொடுத்து, சுகாதார மையம் எங்கே இருக்கிறது என்று குறித்துக் காட்டி, உன் வகுப்பு நேரத்தைப் பார்த்து எப்போது போவாய் என்று யோசித்துக்கொள் என்றார்கள். அந்தக் குழுவில் சுமார் 28 சதவீதம் பேர் போனார்கள். அவர்கள் அந்த வளாகத்திலேயே படிக்கிறவர்கள், மையம் எங்கே என்று அறியாதவர்கள் என்று சொல்ல முடியாது. கையேட்டைப் பார்த்துப் பயந்தவர்களில் பெரும்பாலோரைக் கிளப்ப அந்தப் பயம் போதவில்லை. எந்த நாள், எந்த நேரம், எந்த வழி என்பது முடிவானதும் கிளம்பினார்கள்.

நம் அலுவலகக் கூட்டங்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒருவர் நல்லதாக ஒன்று சொல்வார். ‘சூப்பர் சார், கண்டிப்பா பண்ணலாம்’ என்று எல்லாரும் தலையாட்டுவார்கள். டீ வரும். யார் செய்வது, எந்தத் தேதிக்குள், அதற்காக இப்போது செய்துகொண்டிருக்கும் எந்த வேலையை நிறுத்துவது என்ற பேச்சே வராமல் கூட்டம் முடியும். கடைசியில் சொன்னேனே, அந்த நிறுத்தும் வேலை, அதைத்தான் யாரும் கேட்பதில்லை. ஏற்கெனவே கழுத்துவரை வேலை இருக்கிற ஆளிடம் புது யோசனையைக் கொடுத்தால் அது மாதக் கடைசிக் கணக்குக்கும் வசூலுக்கும் பின்னால் போய் நிற்கும். அவர் மேல் குற்றமில்லை. ஐந்து பேர் குழுவிடம் கொடுத்தாலும் இதே கதிதான், யார் யாரிடம் கேட்பது என்று தெரியாது. ஒருவர் பெயர் போட்டு, அவருடைய பழைய வேலையில் ஒரு பங்கை வேறொருவருக்கு மாற்றி, ஒரு கடையிலோ ஒரு தெருவிலோ முயன்று பார்க்கச் சின்னத் தொகை ஒதுக்கி, திரும்பக் கூடும் தேதியைக் குறித்தால் பாதிக் காரியம் முடிந்தது.

ஜப்பானில் டொயோட்டா இதை வேறு பக்கத்திலிருந்து பிடித்தது. 1950இல் அதன் அதிகாரிகள் அமெரிக்காவில் ஃபோர்டு ஆலையைப் பார்க்கப் போனார்கள், அங்கே தொழிலாளர்களிடம் யோசனை கேட்கும் ஏற்பாட்டைப் பார்த்தார்கள், அடுத்த ஆண்டே தங்கள் ஆலையில் தொடங்கினார்கள். யோசனைப் பெட்டி உலகம் முழுக்க உண்டு. பெரும்பாலானவற்றில் தூசிதான் இருக்கும். டொயோட்டாவில் யோசனை நேராக மேற்பார்வையாளரிடம் போகும், பதில் வரும், ஏற்றுக்கொண்டால் சிறு தொகை உண்டு, முடிந்தவரை சொன்னவரே அதைச் செய்து பார்ப்பார். யோசனைகளும் பெரும்பாலும் சின்னவை. கருவியை எட்டி எடுக்கிற உயரத்தில் வைக்காமல் கைப்பக்கத்தில் வைக்கலாம் என்கிற ரகம். கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் இருப்பதைவிடக் கேட்காமலே இருப்பது மேல் என்று எனக்குத் தோன்றும். இரண்டு தடவை பதில் வராவிட்டால் மூன்றாவது தடவை எந்தத் தொழிலாளி வாய் திறப்பார்?

யோசனையைக் காரியமாக்கத் தவறிய நிறுவனம் என்றதும் எல்லாரும் கோடாக்கைத்தான் சொல்வார்கள். 1975இல் அந்த நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவ் சாஸன் முதல் டிஜிட்டல் கேமராவை உருவாக்கினார். மூன்றரைக் கிலோவுக்கு மேல் எடை. ஒரு படத்தை கேசட்டில் பதிய 23 விநாடி. மேலிடம் ஆர்வம் காட்டவில்லை, ஃபிலிமை நம்பியே இருந்தது, 2012இல் திவால் மனு கொடுத்தது. கதை இப்படித்தான் சொல்லப்படுகிறது. இது பாதிதான். கோடாக் பிறகு டிஜிட்டலில் நிறையப் பணம் போட்டது. 2005இல் அமெரிக்காவில் அதிகம் விற்ற டிஜிட்டல் கேமராக்களே அதனுடையவைதான்! ஆனால் ஃபிலிம் விற்பனையில் கேமரா ஒரு வாசல்தான். அதற்குப் பிறகு வருடக்கணக்கில் ஃபிலிம், கழுவும் ரசாயனம், பிரிண்ட் காகிதம் என்று வருமானம் வந்துகொண்டே இருக்கும். டிஜிட்டல் கேமராவை ஒருமுறை விற்றால் அதோடு சரி, அதிலும் லாபம் சொற்பம். யோசனையைச் செய்து காட்டினார்கள். அதற்குத் தோதாகச் சம்பாதிக்கும் முறையைத்தான் அமைக்க முடியவில்லை.

நம் ஊர் அளவில் இதைத் தினமும் பார்க்கலாம். ஃப்ளெக்ஸ் அச்சடிப்பு வந்தபோது கையால் போர்டு எழுதிய ஓவியர்களில் பலருக்கு அது வரப்போவது தெரியும். தெரிந்து என்ன செய்வது? இயந்திரம் லட்சங்களில் விலை, சதுர அடிக் கட்டணமோ சில ரூபாய்கள், அதற்கு ஓவியம் தெரிந்த கை தேவையே இல்லை. ‘காலத்துக்கேற்ப மாறவில்லை’ என்று வெளியிலிருந்து சொல்வது சுலபம். கண்ணுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கும் வருமானத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் யோசனையை எந்த முதலாளியும் கடைசிவரை தள்ளித்தான் போடுவார். அதனால்தான் அப்படிப்பட்ட யோசனைகள் பெரும்பாலும் வெளியாள் கையில், இழக்க எதுவும் இல்லாதவர் கையில் காரியமாகின்றன. 15,000 ரூபாயோடு வெளியே வந்தவருக்குப் பாட்டில் விற்பனை பாதிக்குமே என்ற கவலை இருந்திருக்காது.

மிச்சம் இருப்பது ஒரு கஷ்டமான விஷயம்: எப்போது விடுவது. முயன்று பார்த்தாயிற்று, ஓடவில்லை. யோசனையே தப்பா, நாம் முயன்ற விதம் தப்பா? அமெரிக்காவின் 3எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் 1968இல் ஒரு பசையைக் கண்டுபிடித்தார். ஒட்டும், ஆனால் இழுத்தால் சேதமில்லாமல் வந்துவிடும். இதை எதற்குப் பயன்படுத்துவது என்று அவருக்கே தெரியவில்லை. கம்பெனிக்குள் பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். 1974இல் அங்கேயே வேலை பார்த்த ஆர்ட் ஃப்ரை, தேவாலயத்தில் பாடும்போது பாட்டுப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்த காகிதத் துண்டுகள் உதிர்வதைக் கண்டு எரிச்சலாகி, அந்தப் பசையை நினைத்தார். இரண்டு பேரும் சேர்ந்தது இப்படித்தான்.

அந்தப் பசை தடவிய சின்னக் குறிப்புக் காகிதத்தை 1977இல் நான்கு நகரங்களில் விற்றுப் பார்த்தார்கள். விற்கவில்லை. கணக்குப்படி பார்த்தால் அங்கேயே மூடியிருக்க வேண்டும். ஆனால் 3எம் அலுவலகத்துக்குள் ஒரு தடவை அந்தக் காகிதத்தைத் தொட்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே இவ்வளவு கிராக்கி, வெளியே ஈ ஓட்டுகிறது என்றால் எங்கேயோ இடிக்கிறது. அடுத்த ஆண்டு ஐடஹோ மாநிலத்தின் பாய்ஸி நகரத்தில் விளம்பரத்தை நம்பாமல் அலுவலகம் அலுவலகமாகப் போய்ச் சும்மா கொடுத்தார்கள். பயன்படுத்திப் பார்த்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் காசு கொடுத்து வாங்குவோம் என்றார்கள். முதல் சோதனை அளந்தது அந்தக் காகிதத்தை அல்ல, கடையில் அடுக்கிவைத்த கட்டைப் பார்த்து அது எதற்கு என்று மக்களால் ஊகிக்க முடிகிறதா என்பதை மட்டுமே. போஸ்ட்-இட் என்ற பெயரில் அமெரிக்கா முழுக்க அது கடைக்கு வந்தது 1980இல், பசை பிறந்து 12 வருடம் கழித்து.